முதல் போகாத ஆட்டம் சூதாகுமா?

சேமிப்பு இல்லறத்தார்க்கு அழகு என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஏழு வியசனங்களுள் சூது முதலாவது என்றும் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள். அந்தச் சேமிப்பையும் இந்தச் சூதின் சாயலையும் ஒரே தாளில் இணைத்து, அரசாங்கமே முத்திரையிட்டு விற்கும் வழக்கம் சில நாடுகளில் உண்டு. பரிசுப் பத்திரம் என்று அதனைச் சொல்லலாம். பிரிட்டனில் 'பிரீமியம் பாண்டு' என்றும், அயர்லாந்திலும் பாகிஸ்தானிலும் வங்காள தேசத்திலும் 'பிரைஸ் பாண்டு' என்றும் அது வழங்கப்படுகிறது. இதனை வாங்குகிறவர் சேமிக்கிறாரா, சூதாடுகிறாரா? வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் இல்லாத இல்லம் நம்முள் அருகி வருவதால், இவ்வினா தொலைதூரத்து வினாவாக இனி இருக்கப் போவதில்லை.

முதலில் அப்பத்திரத்தின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் 100 பவுண்டு கொடுத்துப் பத்திரம் வாங்குகிறீர்கள். அந்த 100 பவுண்டு என்றைக்குக் கேட்டாலும் ஒரு காசு குறையாமல் திரும்பி வரும். ஆனால் வட்டி என்று எதுவும் கிடையாது. பத்திரதாரர் அனைவருக்கும் சேரவேண்டிய வட்டியை அரசு ஒரே குவியலாகக் குவித்து, மாதந்தோறும் குலுக்கி, எண் விழுந்த சிலருக்கு மட்டும் பரிசாக வழங்கிவிடுகிறது. ஏனையோர்க்கு முதல் பத்திரமாக இருக்கிறது என்பது ஒன்றே ஆறுதல்.

நாம் அறிந்த லாட்டரிச் சீட்டு இதனினும் வேறு. தமிழ்நாட்டில் 1968ஆம் ஆண்டு அரசு பரிசுச் சீட்டு தொடங்கிய காலத்தை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று அன்று விளம்பரம் செய்தார்கள். விழாத சீட்டு மறுநாள் வெறுங்காகிதம். அதன்பின் தனியார் சீட்டுகளும் பிற மாநிலச் சீட்டுகளும் வந்து, 2003இல் லாட்டரி விற்பனை தடை செய்யப்படும் வரையில், அன்றாடக் கூலியில் பாதியைச் சீட்டுக் கடையில் விட்டுவிட்டு வீடு திரும்பிய தந்தையரை என் மாணவர்களின் இல்லங்களிலேயே கண்டிருக்கிறேன். குழந்தையின் நோட்டுப் புத்தகத்திற்குக் காசில்லை என்று தாய் வந்து நிற்பாள். காரணத்தைச் சொல்ல மாட்டாள். பரிசுப் பத்திரத்தால் எந்த இல்லமும் அவ்வாறு அழிவதில்லை. இதனை முதலில் ஒப்புக்கொண்டு மேலே செல்வதே நேர்மை.

இவ்வகை ஏற்பாடு புதியதன்று. 1694ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசு போர்ச் செலவுக்குப் பணம் வேண்டி, பத்துப் பவுண்டு வீதம் ஒரு இலட்சம் சீட்டுகளை விற்றது. பரிசு விழாத சீட்டுக்கும் பதினாறு ஆண்டுகள், ஆண்டுக்கு ஒரு பவுண்டு உண்டு. பரிசு விழுந்த சீட்டுக்கு அதற்கு மேல் பன்மடங்கு. கடனையும் குலுக்கலையும் கலந்தால் கருவூலம் விரைவில் நிறையும் என்பதை மன்னராட்சியே கண்டுகொண்டிருந்தது.

இக்காலப் பத்திரத்தின் வரலாறு 1956இல் தொடங்குகிறது. பிரிட்டனின் நிதியமைச்சர் ஹரால்ட் மாக்மில்லன் அவ்வாண்டு ஏப்ரல் மாத நிதிநிலை அறிக்கையில் பிரீமியம் பாண்டை அறிவித்தார். போருக்குப் பிந்திய விலையேற்றக் காலம் அது. மக்கள் செலவைக் குறைத்துச் சேமிக்க வேண்டும் என்பது அரசின் விருப்பம். இது சூதன்று, வாங்குபவர் தம் பணத்தை இழப்பதில்லை, சேமிக்கிறார் என்பது அவர் வாதம். எதிர்க்கட்சியில் இருந்த ஹரால்ட் வில்சன் இதனை அழுக்குப் பிடித்த குலுக்கல் என்று இகழ்ந்தார். காண்டர்பரிப் பேராயர் ஜெஃப்ரி ஃபிஷரும் வன்மையாகக் கண்டித்தார். ஆயினும் அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் விற்பனை தொடங்கியது. 1957 ஜூன் முதல் நாள் முதற்குலுக்கல் நடந்தது. எண்களைத் தேர்ந்தெடுக்க 'எர்னி' என்ற மின்னணுப் பொறி ஒன்றை அஞ்சல் துறை ஆய்வுக்கூடத்தார் செய்தார்கள். போர்க்காலத்தில் பகைவரின் மறைமொழிச் செய்திகளை உடைக்கக் கணிப்பொறி செய்தவர்களே அக்குழுவிலும் இருந்தார்கள் என்பது வியப்புக்குரிய செய்தி. அன்று முதற்பரிசு 1,000 பவுண்டு. 1994 முதல் அது பத்து இலட்சம் பவுண்டு. இன்று அந்நாட்டில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் இப்பத்திரம் வைத்திருக்கிறார்கள். இகழ்ந்து பேசிய வில்சனும் 1964இல் தலைமை அமைச்சரானபோது அதனை நிறுத்தவில்லை. அரசுகளுக்கு இது எவ்வளவு இனிய வருவாய் வழி என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் ஒருமுறை இது வந்து போயிற்று. மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது, 1960இல், இந்திய அரசு ஐந்தாண்டுப் பரிசுப் பத்திரங்களை வெளியிட்டது. 5 ரூபாய், 100 ரூபாய் என்று இரு வகை. வட்டி கிடையாது. என் தந்தையார் ஐந்து ரூபாய்ப் பத்திரம் ஒன்றை வாங்கித் தகரப் பெட்டியில், நெல் விற்ற கணக்கு நோட்டுக்குள் வைத்திருந்தார். நாட்டுக்குக் கொடுத்த கடன் என்றே அவர் அதனைச் சொல்வார். குலுக்கல் நாளைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. ஐந்தாண்டு கழிந்து ஐந்து ரூபாய் திரும்பியது. 1960இல் ஐந்து ரூபாய் வாங்கிய அரிசியை 1965இல் அந்த ஐந்து ரூபாய் வாங்கவில்லை. முதல் போகாது என்ற வாக்குறுதி நாணயத்தின் எண்ணைப் பற்றியதேயன்றி, அதன் மதிப்பைப் பற்றியதன்று என்பதை இங்கே குறித்து வைக்கலாம்.

இவற்றையெல்லாம் நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்குக் காரணம், என்னிடம் ஆசிரியப் பயிற்சி பெற்று, தாமும் தலைமையாசிரியையாகி ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர். அவர் மகன் குடும்பத்துடன் இங்கிலாந்தில் இருக்கிறார். பேத்தி பிறந்தவுடன், அந்நாட்டு வழக்கப்படி, அவள் பெயரில் பிரீமியம் பாண்டு வாங்கியிருக்கிறார்கள். "அம்மா, உங்கள் பங்காக நூறு பவுண்டு போடுங்கள்" என்று மகன் கேட்டிருக்கிறான். அம்மையாரோ இளமையில் ஒரு முனிவர் முன்னிலையில் ஏழு வியசனங்களையும் துறப்பதாக நியமம் ஏற்றவர். "டீச்சரம்மா, போட்டால் என் நியமம் உடையுமா?" என்று எழுதிக் கேட்டார். மகனுக்கு இது விளையாட்டாகத் தோன்றியிருக்கிறது. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஐம்பது ஆண்டு காத்த ஒன்றைப் பற்றி ஒருவர் வினவும்போது விடை கவனமாக இருக்க வேண்டும்.

சூது ஏன் தீது என்ற வினாவுக்கு நாம் வழக்கமாகத் தரும் விடை, அது குடியைக் கெடுக்கும் என்பது. வியசனங்களுக்கு எடுத்துக்காட்டுச் சொல்லும்போது சூதுக்குத் தருமனைத்தான் சொல்கிறோம். நாடும் தம்பியரும் மனைவியும் போன கதை. பரிசுப் பத்திரம் இந்த விடையை மட்டும் வெட்டி எடுத்துவிடுகிறது. இதில் நாடு போகாது. நூறு பவுண்டும் போகாது. அவ்வாறாயின் சூதின் குற்றம் முழுவதும் நீங்கிவிட்டதா, வேறு குற்றம் ஏதும் எஞ்சி நிற்கிறதா என்பதை ஆராய இதனைவிடத் தக்க பொருள் கிடைப்பது அரிது. அழிவு என்ற பெருங்குற்றம் கண்ணை மறைக்காத இடத்தில்தான் சிறு குற்றங்கள் தெரியும்.

அடுத்துச் சொல்லப்படும் காரணம், சூதாடி பிறர் பொருளை உழைப்பின்றி எடுக்கிறான் என்பது. பரிசுப் பணம் யாருடையது? அரசு தன் கையிலிருந்து கொடுப்பதில்லை. மற்றப் பத்திரதாரர்களுக்கு வந்திருக்க வேண்டிய வட்டி அது. அவர்கள் இசைந்தே கொடுத்தார்கள் என்பதால் களவு ஆகாது. ஆனால் இசைவு என்பது அறிந்து தரும் இசைவாக இருக்க வேண்டுமல்லவா? இதனை எனக்கு உணர்த்தியது ஆகம நூல் அன்று. ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி.

நான் பணியாற்றிய காலத்தில் பள்ளிகளில் சஞ்சாயிகா என்ற சிறுசேமிப்புத் திட்டம் இருந்தது. பிள்ளைகள் பத்துக் காசு, நாலணா என்று கொண்டுவந்து கட்டுவார்கள்; ஆசிரியர் கணக்கு எழுதி அஞ்சலகத்தில் செலுத்துவார். எண்பதுகளில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் அக்கணக்கு என் பொறுப்பில் இருந்தது. பிள்ளைகள் ஆர்வமாகக் கட்டவில்லை. அங்கிருந்த தலைமையாசிரியர் ஒரு வழி சொன்னார்: ஆண்டு வட்டியைப் பிரித்தால் ஆளுக்குச் சில காசுகள்தாம், அதனை யார் மதிக்கப் போகிறார்கள்? மொத்தமாகச் சேர்த்து எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா ஒன்று வாங்கிக் குலுக்கலில் கொடுத்துவிடலாம் என்றார். பிரிட்டனில் அரசு செய்வதை அவர் அறிந்து சொல்லவில்லை, தாமாகவே கண்டுபிடித்தார்.

டப்பாவை அலுவலக மேசைமேல் வைத்ததும் சேமிப்பு பெருகியது. அதுவரை கணக்கே இல்லாத பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். குலுக்கல் நாளில், இரண்டு வாரத்துக்கு முன் இரண்டு ரூபாய் கட்டிச் சேர்ந்த ஒரு பையனுக்கு டப்பா விழுந்தது. கைதட்டினார்கள். அவ்வாண்டு எல்லாரிலும் அதிகமாக, பத்துப் பத்துக் காசாக முப்பத்தெட்டு ரூபாய் சேர்த்திருந்தவள் கீரை விற்கும் ஒரு அம்மாவின் மகள். அவள் மற்றவர்கள் போனபின் மேசையருகே வந்து நின்றாள். "டீச்சர், எங்க வட்டியும் அந்த டப்பாவுக்குள்ளதான இருக்கு?" என்று கேட்டாள். வருத்தமாகக் கேட்கவில்லை, வட்டிக் கணக்கு அப்போதுதான் வகுப்பில் நடத்தியிருந்தேன், சரிபார்த்துக்கொள்ளக் கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் பங்கு ஒரு ரூபாய்க்குச் சற்று மேல் இருந்திருக்கும். அவள் தலையசைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறு ஆண்டு குலுக்கல் வேண்டாம் என்று தலைமையாசிரியரிடம் சொல்லி, வட்டியை அவரவர் கணக்கில் எழுதினேன். பள்ளியின் மொத்தச் சேமிப்பு முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இந்தப் பின்பகுதியை நான் மறைக்க விரும்பவில்லை. குலுக்கல் பிள்ளைகளைச் சேமிக்க வைத்தது உண்மை. அவர்களுள் சிலர் அதன்பின்னும் கட்டும் பழக்கத்தை விடவில்லை. அறமுறையாகச் செய்தால் விளைவும் கூடும் என்று எண்ணுவோர்க்கு இக்கணக்கு இடையூறாகவே இருக்கும்.

அந்தச் சிறுமியின் வினாவைப் பிரிட்டன் நாட்டுப் பத்திரத்திடம் கேட்டுப் பார்ப்போம். 2025இல், ஒரு பவுண்டுக்கு ஒரு எண் வீதம், ஒவ்வோர் எண்ணுக்கும் மாதத்திற்கு 22,000இல் ஒரு வாய்ப்பு. அவ்வாண்டு ஏப்ரலில் பரிசுக் குவியலின் அளவு ஆண்டுக்கு 3.8 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது. 100 பவுண்டு வைத்திருப்பவர்க்கு மாதத்தில் 220இல் ஒரு வாய்ப்பு. அதாவது சராசரியாகப் பதினெட்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசு. அதுவும் பெரும்பாலும் சிறு பரிசாகவே இருக்கும். அத்தகைய நூறு பேரை ஓராண்டு முழுதும் கவனித்தால் ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து பேர்க்கு ஒன்றுமே வந்திராது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய உச்ச அளவு 50,000 பவுண்டு. அவ்வளவும் வைத்திருக்கும் செல்வருக்கோ ஆண்டில் சராசரியாக இருபத்தேழு பரிசுகள் வரும். பெரும்பரிசு வராவிடினும் சிறு பரிசுகளே அறிவித்த விழுக்காட்டுக்கு ஓரளவு அண்மையில் அவரைக் கொண்டு சேர்க்கும். மேலும் பரிசுக்கு வருமான வரி இல்லை. வரி மிகுதியாகக் கட்டுபவர்க்கே அச்சலுகை மிகுதியாகப் பயன்படும்.

ஆக, மிகுதியாக வைத்திருப்பவர்க்கு இது ஏறக்குறைய வட்டி. குறைவாக வைத்திருப்பவர்க்குக் குலுக்கல். ஒரே பத்திரம், ஒரே விழுக்காடு, ஆனால் கீரைக்காரி மகளுக்கு ஒன்று, பண்ணையார் மகனுக்கு வேறொன்று. 3.8 விழுக்காடு என்று பெரிய எழுத்தில் அச்சிட்டால் படிப்பறிந்த ஏழையும் அது தமக்கு வரும் என்றுதான் எண்ணுவார். அது சராசரி என்பதையும், தம்மைப் போன்றவர்க்குப் பெரும்பாலும் பூச்சியமே வரும் என்பதையும் அதே அளவு எழுத்தில் அச்சிட்டால் இசைவு அறிந்த இசைவாகும். என் கருத்தில் பரிசுப் பத்திரத்தின் மீது சுமத்தத்தக்க உண்மையான குற்றம் இதுவே. அது வாங்குகிறவர் மேல் விழும் குற்றமன்று. விற்பவர் மேல் விழுவது.

இப்பத்திரம் சூதா என்பதில் நாடுகளும் ஒருமனப்படவில்லை. தென்னாப்பிரிக்காவில் ஒரு வங்கி 2005இல் இவ்வாறே வட்டிக்குப் பதில் மாதந்தோறும் பத்து இலட்சம் பரிசு தரும் கணக்கைத் தொடங்கியது. முதல் பத்திரமாக இருந்தபோதிலும் அது லாட்டரியே என்று அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளிக்க, திட்டம் நின்றது. அமெரிக்காவிலோ இதற்கு மாறாக, இத்தகைய சேமிப்புக்கு இடம் தரும் சட்டம் 2014இல் இயற்றப்பட்டது. நம் நாட்டில் 1978ஆம் ஆண்டுப் பரிசுச் சீட்டுத் தடைச் சட்டம் பணம் திருட்டிக் குலுக்கல் முறையில் பரிசளிப்பதைத் தடை செய்கிறது. கட்டிய பணத்தை இறுதியில் திருப்பித் தந்தாலும் அது தடைக்குள்ளேயே வரும். அச்சட்டம் மாநில அரசு நடத்தும் திட்டங்களுக்கு விலக்களித்திருப்பதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. தனியார் செய்தால் குற்றமாகவும் அரசு செய்தால் திட்டமாகவும் ஒரே செயல் மாறிவிடுமாயின், செயலின் தன்மையைச் சட்டம் ஆராயவில்லை என்றுதான் பொருள்.

பாகிஸ்தானில் இப்பத்திரம் பெயர் பதியாத தாளாக, கையில் வைத்திருப்பவர்க்கே உரியதாக விற்கப்பட்டதால், கணக்கில் வராத பணத்துக்கு அது புகலிடமாயிற்று. பரிசு விழுந்த பத்திரத்தைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கி, 'பரிசாக வந்த பணம்' என்று காட்டிக் கறுப்பை வெள்ளையாக்கும் தொழிலே நடந்தது. 2019இல் 40,000 ரூபாய்ப் பத்திரத்தையும், அடுத்த இரண்டாண்டுகளுக்குள் 25,000, 15,000, 7,500 ரூபாய்ப் பத்திரங்களையும் அந்நாட்டரசு திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பெயரில்லாத பொருள் களவுக்கு நெருங்கிய உறவு. பிரிட்டனில் பத்திரம் ஒருவர் பெயரில் பதிவாவதால் இக்குறை அங்கு இல்லை.

இனி அம்மையாரின் நியமத்துக்கு வருவோம். விரதத்தை முற்ற உடைப்பது ஒன்று. அதில் கறை படியச் செய்யும் அதிசாரம் மற்றொன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆசாதரர் தம் சாகார தர்மாமிருதத்தில், சூதைத் துறந்தவன் மனமகிழ்வுக்காகப் பந்தயம் கட்டுவதும் குறையே என்கிறார். அவர் கூறும் காரணம் பொருள் இழப்பன்று. வென்றால் எழும் களிப்பும் தோற்றால் எழும் சினமும் கஷாயங்கள். பாவத்துக்கு வாயில் அவையே என்பது அவர் கருத்து. முதல் போகாத ஆட்டத்தைப் பற்றி எழுநூறு ஆண்டுக்கு முன்பே அவர் சிந்தித்துவிட்டார் என்று நான் வியந்தேன். அளவுகோலை அவர் பணப்பையிலிருந்து எடுத்து மனத்தில் வைத்துவிட்டார்.

இவ்வளவுகோலால் அளந்தால் இரு பத்திரதாரர் வேறுபடுவர். ஒருவர் வாங்கிப் பெட்டியில் வைத்து மறந்துவிடுகிறார், என் தந்தையாரைப் போல. மற்றொருவர் ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் கைப்பேசியில் எண் பார்க்கிறார். வந்தால் இவ்வளவு, வந்தால் இன்ன வீடு என்று மனத்தில் கட்டுகிறார். ஆர்த்த தியானத்தின் நான்கு வகையுள் நிதானம் என்று ஒன்று சொல்லப்படும். உலக வழக்கில் நிதானம் என்றால் பதறாமை. ஆகம வழக்கில் வரப்போகும் போகத்தை நாடி ஏங்குதல். ஒரே சொல்லுக்கு இப்படி நேர்மாறான பொருள் அமைந்தது என்னை எப்போதும் சிந்திக்க வைக்கும். மாதம் ஒருமுறை ஏங்குவதற்காகவே அரசு விற்கும் பத்திரம் இது; 'சிலிர்ப்போடு ஒரு சேமிப்பு' என்ற பொருளில்தான் தொடக்க காலத்தில் அதனை விளம்பரம் செய்தார்கள். அச்சிலிர்ப்பை வாங்காமல் சேமிப்பை மட்டும் வாங்க முடியுமா என்றால், முடியும். ஆனால் அவ்வாறு வாங்குகிறவர் வட்டியை வீணே இழக்கிறார். சிலிர்ப்பு வேண்டாதவர்க்கு அஞ்சலகத் தொடர் வைப்பே போதுமே!

எனவே அம்மையார்க்கு நான் எழுதிய விடை இது. நூறு பவுண்டு போட்டால் நியமம் உடையாது. யாரையும் அழித்து எடுக்கும் பொருளன்று, பெயர் பதிந்த நேரிய தாள். ஆனால் பேத்தியின் படிப்புக்கு என்று கொடுப்பதானால், வட்டி வரும் கணக்கில் போடச் சொல்லுங்கள். அந்நாட்டில் குழந்தைகளுக்கென்றே வரியில்லாச் சேமிப்புக் கணக்கும் உண்டு. நூறு பவுண்டின் மீது பதினெட்டு ஆண்டு வட்டி ஏறினால் என்ன ஆகும் என்று கணக்கும் போட்டு அனுப்பினேன்: நூற்றுக்கு நான்கு என்று கொண்டால், வட்டிக்கு வட்டியாக, 202 பவுண்டுக்குச் சற்று மேல். பத்திரமாக இருந்தால் நூறு அப்படியே இருக்கும்; இடையில் ஒரு 25 வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். மகனுடைய மனம் நோகுமே என்று அவர் தயங்கினால் பத்திரமே போடட்டும் என்றும் எழுதினேன். ஒரு நூறு பவுண்டுக்காகத் தாயும் மகனும் மனக்கசப்புக் கொள்வது அதனினும் பெரிய கஷாயம்.

ஒன்று மட்டும் சேர்த்து எழுதினேன். மிகுபொருள் விரும்பாமை என்ற அணுவிரதத்தில் நாம் பொருளுக்கு அளவு வரைந்துகொள்கிறோம். பரிசுப் பத்திரமோ தன் இயல்பிலேயே அளவு கடந்து கேட்பது. பத்து இலட்சம் பவுண்டு எந்தச் சிராவகரின் வரையறைக்குள் அடங்கும்? எண் விழுந்த பிறகு அந்தப் பணத்தை என்ன செய்வது என்று சிந்திக்கத் தொடங்கினால் அப்போது சிந்திப்பது நாமாக இருக்க மாட்டோம், பணம்தான் சிந்திக்கும். ஆகையால் பத்திரம் வைத்திருக்கும் குடும்பத்தார், குலுக்கலுக்கு முன்பே, இன்ன தொகைக்கு மேல் வந்தால் அது இன்ன தானத்துக்கு என்று எழுதி வைத்துவிட வேண்டும். ஆகார தானமோ, ஏழைப் பிள்ளைகளின் கல்வியோ, இடிந்து கிடக்கும் ஒரு ஜினாலயத்தின் திருப்பணியோ, அவரவர் விருப்பம். எழுதும்போது கை தயங்கினால், அந்தப் பத்திரம் தங்களுக்குச் சேமிப்பாக இருக்கிறதா வேறொன்றாக இருக்கிறதா என்பது அவர்களுக்கே விளங்கிவிடும்.

அந்நாட்டு விதிப்படி பதினாறு வயது நிரம்பியதும் பத்திரம் குழந்தையின் பொறுப்புக்கே வந்துவிடுகிறது. பேத்தி எந்த நியமமும் ஏற்றவள் அல்லள், ஏற்பாளோ என்னவோ. அன்று அவள் அதனைக் கையில் வைத்துக்கொண்டு, பதினாறு ஆண்டாக என் நூறு பவுண்டின் வட்டி எங்கே போயிற்று என்று கேட்கலாம். பாட்டி கணக்கு தெரிந்தவர். விடை சொல்லிவிடுவார்.